அமெரிக்கப் பஞ்சாங்கம்

சுவிஸில், ஆராவ் நகரத் தமிழ்க் கடையில் என் அத்தானுக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேர்ந்தவர்கள் போன பிறப்பில் ஏதோ பாவம் செய்தவர்கள். கடைக்காரர் இடியப்ப மாப் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காலாவதியாகிவிட்டதோ என்ற சந்தேகத்தில் வாய் தவறிக் கேட்டுவிடுவார்.

"அண்ணை, இண்டைக்கு என்ன திகதி?"

அவ்வளவுதான். அத்தான் கூடையைத் தரையில் வைத்துவிடுவார். கூடை தரையில் பட்டால் அந்த மனிதரை இனி ஒருவராலும் நிறுத்த முடியாது.

"மார்ச் ரெண்டு. இதே நாள் அமெரிக்காவிலை ஒரு நெட்டையன், தனி ஒருத்தனா, ஒரே ஆட்டத்திலை நூறு புள்ளி போட்டவன். கூடைப்பந்து. நூறு! விளங்குதோ?"

"வீடியோ இருக்கோ அண்ணை?" என்று கடைக்காரர் வேறு எண்ணெய் ஊற்றுவார்.

"அதுதானே பகிடி. வீடியோவே இல்லை. ஒருத்தரும் பிடிக்கேல்லை. ஆனா நான் நேரிலை பாத்தனான் எண்டு சொல்லுற ஆக்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தால் அந்த மண்டபம் கொள்ளாது."

பின்னால் நிற்பவர்களின் உறைந்த மீன் உருகத் தொடங்கும். யாராவது செருமுவார்கள். அத்தான் திரும்பிப் பார்த்து, அவர்களும் ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார். ஆராவ் தமிழ்ச்சனம் அவருக்கு வைத்த பட்டம் 'அமெரிக்கப் பஞ்சாங்கம்'. கேலியாக வைத்த பேர்தான். அவரோ அதைப் பொன்னாடை மாதிரிப் போர்த்திக்கொண்டு திரிந்தார்.

வருடத்தில் எந்த நாளைச் சொன்னாலும் அந்த நாளில் அமெரிக்காவில் எவனோ ஒருவன் ஒரு பந்தை அடித்திருப்பான், பிடித்திருப்பான், அல்லது பிடிக்காமல் விட்டுவிட்டு ஊர் முழுக்கத் திட்டு வாங்கியிருப்பான். அதெல்லாம் அத்தானுக்குத் தலைகீழாகத் தெரியும். பெண்சாதியின் பிறந்தநாள் மட்டும் தெரியாது. அக்கா ஒருமுறை கண் கலங்கிக் கேட்டபோது அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"அண்டைக்கு மழையப்பா. ஆட்டம் நடக்கேல்லை."

நாங்கள் ஆராவுக்குப் பக்கத்தில், பஸ்ஸில் போனால் தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்துவிடும் ஒரு சின்னக் கிராமத்தில் இருந்தோம். ஒரே கட்டடம். அக்காவும் அத்தானும் கீழே, நான் மேலே. நான் தனி ஆள். கலியாணம் ஒன்று நடந்து முடிந்தும் போனது, அந்தக் கோதாரிக் கதை இங்கே வேண்டாம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அத்தானுக்கு ஒரு பெரிய கடையின் சாமான் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. அவர்களின் ஒரே மகள் கலியாணம் கட்டி அமெரிக்காவுக்குப் போயிருந்தாள்.

இந்த விசர் அவருக்கு எங்கே பிடித்தது என்று கேட்பீர்கள். அகதியாக வந்த புதிதில் அவரை வைத்திருந்த காம்பில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்ததாம். அதன் ரிமோட்டை யாரோ தொலைத்துவிட்டார்கள். பெட்டி அமெரிக்க விளையாட்டுக் காட்டும் சனலில் நின்றது நின்றதுதான். மற்றப் பெடியள் திட்டிவிட்டுச் சீட்டு விளையாடப் போனார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, இங்கத்தைய ஜெர்மன் பாசையான டொச் தெரியாது, வெளியே பனி. அத்தான் அதன் முன்னால் குந்திவிட்டார். ஒவ்வொரு நாள் காலையிலும் 'இதே நாளில்' என்று பழைய ஆட்டம் ஒன்றைக் காட்டுவார்களாம்.

"பாசை விளங்காட்டியும் ஆர் வெண்டது, ஆர் தோத்தது எண்டு மூஞ்சையைப் பாத்தால் விளங்கும் மச்சாள். இந்த நாட்டுக்கு வந்து எனக்கு முதல் முதல் விளங்கின விசயம் அதுதான்" என்பார்.

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் பகிடி விடமாட்டார்.

அக்காவின் சமையலறைச் சுவரில் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி தொங்கும். இராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் போட்டது. அக்கா அதைப் பார்க்காமல் பால் கூடக் காய்ச்சமாட்டாள். "இண்டைக்கு அட்டமி, ஒண்டும் தொடங்கக் கூடாது" என்பாள் அவள். "அட்டமியோ? இதே நாள்தான் அங்கை ஒருத்தன் பந்தை அடிச்சு வெளியிலை விட்டவன், நீர் கடலையைப் போட்டு வடையைத் தட்டும்" என்பார் இவர். பெரும்பாலும் வடை வென்றது.

அவருடைய கள்ளத்தனம் எனக்குப் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பக்கம் வெல்ல, மற்றப் பக்கம் தோற்கும். ஆளைப் பார்த்துத்தான் எந்தப் பக்கத்துக் கதை என்று அத்தான் தீர்மானிப்பார். ஒரு ஜூன் மாதம் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. மிளகு ரசத்தோடு மேலே வந்தார்.

"மச்சாள், இதே நாள் ஒருத்தன் உம்மைப்போலை காய்ச்சலோடை, நிக்கவே ஏலாமல், முழு ஆட்டமும் ஆடி வெண்டவன். கடைசியிலை கூட்டாளியின்ரை தோளிலை சாஞ்சு விழுந்தவன். நீர் உந்தப் போர்வையை எடுத்தெறிஞ்சுபோட்டு எழும்பும்."

"அத்தான், நான் எழும்பினால் உங்கடை தலையிலை இந்தக் கோப்பைதான் விழும்" என்றேன்.

அதே நாள் பின்னேரம் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரர் வந்து, எங்களுடைய உடுப்புத் தோய்க்கும் முறை முடிந்த பிறகும் எங்கள் துணி கீழே மெஷினில் கிடக்கிறது என்று கத்தினார். இந்த நாட்டில் கொலை செய்தாலும் மன்னிப்பார்கள், அடுத்தவரின் தோய்க்கும் நாளில் கை வைத்தால் மன்னிக்கமாட்டார்கள். அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு டொச்சில் சொன்னார்: "இதே நாளில் அமெரிக்காவில் ஒரு அணி, சொந்த மண்ணில், சொந்தச் சனத்துக்கு முன்னால், ஒரு காய்ச்சல்காரனிடம் தோற்றது." அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தோற்றது தான்தான் என்று மட்டும் எப்படியோ விளங்கியிருக்கிறது. துணியை அவரே எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

இன்னொரு கள்ளமும் உண்டு. அமெரிக்காவில் இரவு நடந்த ஆட்டம் எங்களுக்கு மறுநாள் விடியற்காலை. சுவிஸ்காரர் கணக்கில் அது அடுத்த திகதி. ஆனால் எங்கள் ஆட்களின் கணக்கில் சூரியன் உதிக்கும்வரை முதல் நாள்தானே! ஆகவே ஒரே ஆட்டத்தை அத்தான் இரண்டு நாளுக்குப் பாவிப்பார். நான் கார் ஓட்டும் சோதனையில் தவறி வந்த அன்று, "நல்ல நாள் நேற்று மச்சாள். அதின்ரை மிச்சம் இண்டைக்கு விடியுமட்டும் இருந்தது" என்றார்.

"அப்ப விடியமுன்னம் எழும்பி வந்து சோதனை வைக்கச் சொல்லட்டோ?"

"கேட்டுப் பாத்திருக்கலாம்" என்றார் கூச்சமில்லாமல்.

கடைசியில் அந்தக் கணக்கை எங்கள் தலையிலேயே கட்டிவிட்டுப் போனார். அவர் செத்தது அமெரிக்காவில், மகள் வீட்டில், ஒரு பொழுதுபடும் நேரம். தேத்தண்ணி கேட்டுவிட்டு அது வருவதற்குள் போய்விட்டார். எங்களுக்கு அப்போது இன்னும் விடியவில்லை. திவசத்தை எந்த நாளில் கொடுப்பது என்று அக்காவும் மகளும் வருடா வருடம் போனில் சண்டை பிடிக்கிறார்கள். இங்கத்தைய ஐயர் ஒரு நாள் சொல்கிறார், அங்கத்தைய ஐயர் இன்னொரு நாள் சொல்கிறார். சண்டை முடியாமல் இரண்டு நாளும் படைக்கிறோம். இரண்டு நாளும் எனக்கு வடை கிடைக்கிறது. இரண்டு நாளும் எனக்கு அழுகை வருகிறது. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு விருப்பம், இதை அவர் இருந்தபோது ஒருநாளும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு ஆட்டம் சொல்லியிருப்பார்.

அக்கா ரயில் மாறி ஏறிய கதையையும் சொல்லத்தான் வேண்டும். வில் என்ற ஊரில் பெரியபிள்ளையான ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. அக்காதான் பலகாரம். பயத்தம் பணியாரமும் முறுக்கும் இரண்டு பெரிய பெட்டி. அத்தானுக்கு வேலை என்பதால் அவள் தனியே போனாள். ஆராவில் ஏறி, கிழக்கே போக வேண்டியவள் மேற்கே போய்விட்டாள். பெட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நித்திரையாகிவிட்டாளாம். கண் விழித்தால் பலகையெல்லாம் பிரெஞ்சு. பதறிப்போய் ரெனானில் இறங்கி மேடையில் நின்று அழுதவளை, அங்கே நின்ற ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டது. பலகாரம் ரெனானிலேயே முடிந்தது. வில்லில் சடங்குக்குக் கடை பிஸ்கட் வைத்தார்கள். சடங்கு வைத்த குடும்பம் எங்களோடு இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

மறுநாள் அக்கா வீங்கின முகத்தோடு வந்து இறங்கினாள். நான் அத்தானைக் கண்ணால் எச்சரித்தேன். கேட்டாரோ?

"இஞ்சரும், அழாதையும். அமெரிக்காவிலை ஒருத்தன், உந்த முட்டை மாதிரிப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுற ஆட்டம், அதிலை பந்து கைக்கு வந்த சந்தோசத்திலை திரும்பித் தன்ரை பக்கத்துக்கே ஓடினவன். முழு மைதானமும் கத்துது. தன்னைத்தான் பாராட்டுகினம் எண்டு இன்னும் வேகமா ஓடினவன்."

அக்கா அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு மனிதன் எரிந்து போயிருக்க வேண்டும்.

"ஆனா கடைசியிலை அவன்ரை அணிதான் வெண்டது" என்று அவசரமாக முடித்தார். "அதுதான் நான் சொல்ல வந்தது."

அக்காவுக்கு முதலில் விக்கல் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. எனக்கும்தான். பிழையான பக்கம் ஓடினவனை அத்தான் ஒருநாளும் பழித்ததில்லை. தோற்றவன் மறுநாள் எப்படிப் படுக்கையிலிருந்து எழும்பினான் என்பதுதான் அவருக்குப் பிடித்த பகுதி.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அத்தானிடம் இருந்த அகதிப் பயணப் புத்தகத்துக்கு அந்த நாடு விசா கொடுக்கவில்லை. பேத்தி போனில் தவழ்ந்தாள், போனில் நடந்தாள், போனில் "தாத்தா" என்றாள். அத்தான் வெளியே, "மகள் வீட்டுக்குக் கிட்ட ஒரு மைதானம் இருக்கு, ஒரு ஆட்டம் நேரிலை பாத்தால் போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பிள்ளை போனை வைத்த பிறகும் அதன் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்தால் போகலாம். அதற்கு எங்கள் கிராமத்துக் குடியுரிமை ஆணைக்குழு கூப்பிட்டு விசாரித்து, இந்த ஆட்கள் எங்கள் ஊருக்கு ஆகுமா என்று முடிவு சொல்ல வேண்டும். அவர்கள் ஓம் என்றால் மிச்சமெல்லாம் தானாக நகரும். இல்லை என்றால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதாகிவிடும்.

மூவருமாக விண்ணப்பித்தோம். எங்கள் ஊர் கெமைண்டே, அதாவது ஊராட்சி, சின்னது, ஆணைக்குழுக்காரர்களுக்கு மாடும் கடையும் இருக்கிறது, ஒரே கட்டடம்தானே என்று எங்களை ஒன்றாகவே கூப்பிட்டுவிட்டார்கள். நாள் ஒக்டோபர் பதினாறு, பின்னேரம்.

நாளைக் கேட்டவுடன் அத்தானின் முகம் வெளித்தது.

"மச்சாள், இது அந்த நொண்டியின்ரை நாளெல்லே! அமெரிக்காவிலை பதினைஞ்சு இரவு. எங்களுக்குப் பதினாறு விடியப்புறம்."

அந்தக் கதையை நான் வருடம் தவறாமல் கேட்டு வந்திருக்கிறேன். பேஸ்போல் ஆட்டம். இரண்டு காலிலும் காயம், இன்றைக்கு இவன் இறங்கமாட்டான் என்று உள்ளே உட்கார வைத்த ஆள். கடைசிக் கட்டத்தில் தன் அணி தோற்கப் போகிற நேரம் நொண்டி நொண்டி வந்து, எதிரணியின் மிகச் சிறந்த பந்துவீச்சுக்காரனை அடித்து வெளியே விட்டான். பிறகு முழு வட்டத்தையும் நொண்டிக்கொண்டே சுற்றி வந்தான்.

"அத்தான், அங்கை போய் உந்த நொண்டிக் கதை எடுத்தியளோ, நான் உங்களை நிரந்தரமா நொண்டியாக்கிப்போடுவன்" என்றேன்.

அக்கா அதோடு விடவில்லை. சுவாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி அவரை இழுத்து வந்தாள்.

"அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ. அங்கை அமெரிக்கா எண்டு ஒரு சொல் உங்கடை வாயிலை வரக் கூடாது."

"உது பெரிய அநியாயமப்பா."

"உங்களுக்குப் பேத்தியைப் பாக்க வேணுமோ, வேண்டாமோ?"

அத்தான் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணினார்.

ஆணைக்குழுவில் ஐந்து பேர். கதைத்தவர்கள் மூன்று பேர்தான். தலைவி, முன்னாள் தபால் நிலையக்காரி. இறைச்சிக் கடைக்காரர் ஒருவர். மாட்டுப் பண்ணை வைத்திருந்த பெரியவர் ஒருவர். மற்ற இருவரும் கோப்பி குடித்தார்கள். அக்காவிடம் குப்பை பிரிப்பதைப் பற்றிக் கேட்டார்கள். அவள் போத்தல் எங்கே, கடதாசி எந்த நாள் என்று அவர்களுக்கே தெரியாததைச் சொன்னாள். என்னிடம் அரசாங்கம் எப்படி அமைகிறது என்று கேட்டார்கள். பாடமாக்கியதை ஒப்பித்தேன். பிறகு பண்ணைக்காரர் அத்தானைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?"

"விளையாட்டுப் பார்ப்பேன்" என்றார் அத்தான். அக்கா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள்.

"நல்லது! எங்களுடைய மல்யுத்தமா? மரத்தூளில் பிடிப்பார்களே. இப்போதைய மல்யுத்த அரசன் யார்?"

அத்தானுக்குத் தெரியவில்லை.

"பனிச்சறுக்கு?"

தெரியவில்லை.

"எங்கள் ஊர் உதைபந்துக் கழகம்? ஒரு ஆட்டமாவது பார்த்திருக்கிறீர்களா?"

அத்தான் பார்த்ததில்லை. தலைவி பேனையை மேசையில் வைத்தார். "இத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள். எங்கள் ஊரோடு உங்களுக்கு என்னதான் தொடர்பு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையாகக் கேட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

அத்தான் மடியில் வைத்திருந்த பையை எடுத்து மெதுவாகத் தரையில் வைத்தார்.

"இதே நாளில்..." என்று தொடங்கினார். களஞ்சியத்தில் பெட்டி தூக்குபவர்களிடம் பழகிய டொச். "ஒக்டோபர் பதினாறு. நாங்கள் வருவதற்கு முதல். இங்கே, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில். பக்கத்து ஊரோடு ஆட்டம்."

பக்கத்து ஊர் என்றதும் இறைச்சிக் கடைக்காரர் நிமிர்ந்தார். உலகத்தில் எந்த ஊருக்கும் பக்கத்து ஊர் என்றால் அப்படித்தான்.

"எங்கள் ஊரில் ஒரு நல்ல ஆட்டக்காரன் இருந்தான். ஆனால் அன்றைக்கு இரண்டு காலிலும் காயம். உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். ஆட்டம் சமநிலை. முடியப் போகிறது. எங்களுக்கு ஒரு உதை கிடைத்தது. யார் அடிப்பது? ஒருவருக்கும் தைரியம் இல்லை. அப்போது அவன் எழும்பி நொண்டி நொண்டி வந்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அவன் அடித்தான். அடித்த வேகத்தில் விழுந்துவிட்டான். பந்து போனதை அவன் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டான். பிறகு எழும்பி, முழு மைதானத்தையும் நொண்டிக்கொண்டே சுற்றி வந்தான். என்னோடு வேலை செய்த ஒரு கிழவர் சொன்னார். அவர் இப்போது இல்லை."

அப்படி ஒரு கிழவர் எப்போதும் இல்லை.

தலைவி மெதுவாகக் கேட்டார்: "அந்த ஆட்டக்காரனின் பெயர் என்ன?"

முடிந்தது கதை என்று நினைத்தேன். அத்தான் அந்தப் பெண்மணியை மரியாதையாகப் பார்த்து, "அதை நான் சொல்லக் கூடாது. உங்கள் ஊர் ஆள். உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

"எனக்குத் தெரியும்!" என்று இறைச்சிக் கடைக்காரர் மேசையில் தட்டினார். "அது என் அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரன்! முழங்காலில் காயம்!"

"முழங்கால் இல்லை, கணுக்கால்" என்றார் பண்ணைக்காரர். "அவன் எங்கள் பண்ணையில் வேலை செய்தவன். அடுத்த நாள் மாட்டுக்குத் தண்ணி வைக்கக்கூட ஏலாமல் கிடந்தான். எனக்கு நல்ல ஞாபகம்."

"நீங்கள் அன்றைக்கு மைதானத்திலேயே இல்லை!"

"நான்தான் கொடி பிடித்தேன்!"

கோப்பி குடித்த இருவரும் கோப்பையை வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் அது ஞாயிற்றுக்கிழமை என்றார், மற்றவர் அவன் பிறகு அஞ்சல்காரனாகிச் செத்தான் என்றார். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் தகப்பன் அன்று வீட்டுக்கு வந்து பாடினது நினைவிருக்கிறது என்றார். எங்களை மறந்தே போனார்கள். கடைசியில் யாரோ நேரத்தைப் பார்க்க, எங்கள் மூவருக்கும் கை கொடுத்து அனுப்பினார்கள். பண்ணைக்காரர் அத்தானின் கையை விடவேயில்லை.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கற்பூரத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணினியளெல்லே!"

"மீறேல்லையே அப்பா. அமெரிக்கா எண்டு ஒரு சொல் சொன்னனானோ? மச்சாள், நீர் சாட்சி, சொல்லும்."

சொல்லவில்லைத்தான். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். பஸ் வந்தும் ஏறமுடியாமல் சிரித்தோம்.

பாஸ்போர்ட் வந்தது. அத்தானும் அக்காவும் போனார்கள். விமான நிலையத்தில் பேத்தி முதலில் அவரைக் கண்டு பயந்து அழுதாளாம், போனில் இருந்த தாத்தாவுக்குக் கால் இல்லையாம், இவருக்குக் கால் இருக்கிறதாம். பிறகு மருமகன் மைதானத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். அத்தான் எனக்குப் போன் எடுத்தார்.

"எப்பிடி அத்தான் ஆட்டம்?"

"ஒண்டும் தெரியேல்லை மச்சாள். பந்து கடுகளவு. டிவியிலைதான் வடிவாத் தெரியும். பிள்ளை மடியிலை நித்திரை, நான் அவளைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"ஆர் வெண்டது?"

"ஆருக்குத் தெரியும்" என்றார் அத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக.

ஊரிலோ கதை நின்றபாடில்லை. அடுத்த ஒக்டோபரில் உதைபந்துக் கழகம் 'நொண்டி ஆட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. கிழவர்கள் ஒரு காலில் சால்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்து ஊரோடு விளையாடுவார்கள். சொசேஜ் சுடுவார்கள், பியர் ஓடும். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து, அந்த உதை உண்மையில் வெளியேதான் போனது, நடுவர் கள்ளன் என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். முதல் பந்தை உதைக்க அத்தானைத்தான் கூப்பிட்டார்கள். அவர் இறப்பு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய் உதைத்துவிட்டு வந்தார்.

மறுபடி மகளிடம் போன இடத்தில் அத்தான் செத்த பிறகு, கெமைண்டேயில் என்னைக் கேட்டார்கள். ஆணைக்குழுவில் ஓர் இடம் காலி, ஒருவரும் வர மறுக்கிறார்கள், நீங்கள் வருவீர்களா என்று. போய் உட்கார்ந்தேன். போன மாதம் ஒரு கொசோவோக்காரர் வந்தார். கூரை வேலை செய்பவர். இரண்டாவது முறை வருகிறார். முதல்முறை இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். இம்முறையும் இல்லையென்றால் மறுபடி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மனிதர் பயத்தில் தெரிந்ததையும் மறந்துபோனார். மாநிலம் எத்தனை என்பதில் தடுக்கினார், மலையின் பெயரில் விழுந்தார். தலைவி பெருமூச்சு விட்டுக் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"எங்கள் ஊரின் வரலாற்றில் ஒக்டோபர் பதினாறு ஏன் முக்கியம்?"

எனக்குக் கோப்பி புரைக்கேறியது. அந்த மனிதர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் என் முகத்தில் நின்றார். ஆணைக்குழு உறுப்பினர் விடை சொல்லிக் கொடுக்கக் கூடாது, அது சட்டம். நான் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து என் முழங்காலைப் பிடித்து, நோகிற மாதிரி முகத்தைச் சுளித்தேன்.

"நொண்டி!" என்றார் அவர். "நொண்டியின் ஆட்டம்! பக்கத்து ஊரோடு! கடைசி உதை!"

தலைவியின் முகம் இளகியது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அன்றைக்குச் சரியான மழை" என்றார். "கழக வீட்டுக் கூரை ஒழுகியது. போன வருடம் அந்தக் கூரையைப் பிரித்தது நாங்கள்தான். பழைய மரத்தில் தண்ணி ஊறிய கறை இன்னும் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்."

"ஓம், ஒழுகியது!" என்று இறைச்சிக் கடைக்காரர் மேசையில் தட்டினார். "என் தகப்பன்தான் வாளி பிடித்தார்!"

வாக்கெடுப்பில் எல்லாருக்கும் முன்னால் என்னுடைய கைதான் உயர்ந்தது. மற்றக் கைகளும் உயர்ந்தன.

நடைபாதையில் அந்த மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார். முகம் இன்னும் சிவந்திருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அன்றைக்கு உண்மையிலேயே மழை பெய்ததா?"

"கூரை ஒழுகினதென்றால் மழை பெய்திருக்கத்தானே வேண்டும்" என்றேன்.